அசல் பெட்டியும் நகல் பெட்டியும்

ஓர் அலுவலகம் எந்த நிலையிலும் பொதுமக்களுக்குப் பயன்படத் தயாராக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. எங்கள் அனுமதி அலுவலகத்தின் இயக்குநருக்கும் இதில் ஒரே கருத்துதான். எதுவாக இருந்தாலும் அதில் இரண்டு இருக்க வேண்டும்.

சிலர் மாநாட்டுக்குப் போனால் ஜலதோஷம் பிடித்துக்கொண்டு வருவார்கள். இவர் ‘மீள்திறன்’ பிடித்துக்கொண்டு வந்தார். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்க வேண்டுமாம். நல்ல விஷயம்தானே என்று நாங்களும் நினைத்தோம். அடுத்த தடவை போனபோது காத்திருப்புக் கூடத்தில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தது, இரண்டும் வேறு வேறு நேரம் காட்டின. தலைக்கு மேலே இரண்டு மின்விசிறி. ஒன்று சுற்றும், இன்னொன்று ‘மாற்று’ என்பதால் சுற்றக் கூடாது. வாசலுக்கு இரண்டாவதாக ஒரு கதவு வைத்து, அதுவும் மாற்று என்பதால் பூட்டி, சாவியைப் பத்திரமாக உள்ளே வைத்திருந்தார்கள்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எனக்கு அந்த அலுவலகத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மனுஷனுக்கு ஆண்டவனும் மீள்திறனை நினைத்துத்தான் இரண்டு சிறுநீரகம் கொடுத்திருக்கிறான். என் மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, இரண்டும் போய்விட்டது. அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறாள். அவள் யாருக்கும் விற்கவில்லை, மனசாரத்தான் கொடுக்கிறாள் என்று இந்த அலுவலகம் ஓர் உத்தரவு தந்தால்தான் ஆஸ்பத்திரியில் கத்தியை எடுப்பார்கள்.

மாதக்கணக்கில் அலைந்தோம். அறைக்கு அறை ஒரே கேள்விதான்.

“இவர் உங்க கணவர்தானாம்மா?”

“இல்லைன்னா யாருங்க கிட்னியைக் கழட்டிக் குடுப்பா?” என்பாள் அக்கா.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

அவளும் சொன்னாள். அவள் சொன்னதையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டு, கொண்டுபோன காகிதங்களைக் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டார்கள். காகிதமில்லா அலுவலகமாம். அது அதற்கு முந்தைய மாநாட்டில் பிடித்தது.

இப்படிப் போய்வந்த நாட்களில்தான் அந்தப் பெட்டிகள் வந்தன. கூடத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடி அறை கட்டி, உள்ளே இரண்டு சர்வரை நிறுத்தி, விழா எடுத்தார்கள். கூட்டம் வேண்டுமே என்று காத்திருந்த எங்களையே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார வைத்தார்கள். விற்ற கம்பெனியிலிருந்து கழுத்துப்பட்டை கட்டின ஒருவர் வந்து விளக்கினார்.

“சார், இந்த ஆபீஸ்ல செக்‌ஷனுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. ஆனா அதுங்களுக்கு உடம்பு கிடையாது. எல்லாம் விர்ச்சுவல். இந்தப் பெட்டிக்குள்ளதான் குடியிருக்கு. இதுல ஒரு எழுத்து எழுதினா அதே நிமிஷம் அந்தப் பெட்டியிலயும் எழுதிடும். நாளைக்கு இது விழுந்துடுச்சுன்னு வைங்க, உள்ள இருந்ததெல்லாம் அந்தப் பெட்டியில தானா எழுந்து நிக்கும். வெளியில நிக்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.”

எனக்கே புரிந்துவிட்டது. இயக்குநருக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

“இதுல எது அசல், எது நகல்?”

“அப்படியெல்லாம் இல்ல சார். ரெண்டும் ஒண்ணுதான்.”

“ரெண்டும் ஒண்ணுன்னா எது எதுக்குக் கட்டுப்படும்?”

இயக்குநர் ஆழ்ந்து யோசித்தார். கடைசியில் எது முதலில் பிரிக்கப்பட்டதோ அது பணிமூப்பு அடிப்படையில் அசல் என்றும், பின்னால் பிரித்தது நகல் என்றும் ஆணை பிறந்தது. ஆளுக்கொரு பலகை எழுதி ஒட்டினார்கள். அசலுக்கு மரியாதையாக ஒரு வெல்வெட் உறையும் தைத்துப் போர்த்தினார்கள். நகல் பாவம், வெற்று உடம்போடு நின்றது.

“அப்புறம் இன்னொண்ணு. தானா எழுந்து நிக்கும்னீங்களே, யார் உத்தரவுல?” என்றார் இயக்குநர்.

“உத்தரவு தேவையில்ல சார், அதுதான் இதோட விசேஷமே. ஒண்ணு விழுந்தா மத்தது தானா பொறுப்பு எடுத்துக்கும்.”

கூடத்தில் இருந்த ஊழியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தானாகப் பொறுப்பு எடுத்துக்கொள்வது என்ற காரியம் அந்தக் கட்டடத்தில் அதுவரை நடந்ததில்லை.

“அதை நிறுத்திடுங்க. நகலை உபயோகப்படுத்தணும்னா முறைப்படி சான்றொப்பம் வேணும்.”

“நிறுத்திடலாம் சார், அதுக்கும் செட்டிங் இருக்கு” என்றார் கழுத்துப்பட்டை. ஆமாம் போடுவதற்குத்தானே அந்தப் பட்டையைக் கட்டிவிட்டிருக்கிறார்கள்! எதை விற்றாரோ அதைத் தன் கையாலேயே அணைத்துவிட்டு, பலகாரத் தட்டை வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் உத்தரவு ஒருவழியாகத் தயாரானது. குழுவில் உள்ள எல்லாரும் கணினியிலேயே ஒப்புதல் போட்டுவிட்டார்கள், நாளைக்கு வந்து அச்செடுத்துக்கொள்ளுங்கள் என்று செய்தி வந்தது. அடுத்த வாரம் ஆப்பரேஷன். அச்செடுக்கப் போன அன்று காலையில் அக்கா, மாமாவுக்குக் கஞ்சி கொடுக்கும்போது என்றைக்கும் இல்லாமல் பாட்டு முணுமுணுத்தாளாம். மாமாதான் சொன்னார்.

கவுன்டரில் அக்காதான் முதல் ஆள். கவுன்டர் அம்மா எண்ணைத் தட்டிவிட்டு, “ரெடியா இருக்கும்மா, இதோ” என்று அச்சுப் பொத்தானில் விரலை வைத்தார். திரை அப்படியே நின்றது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து கருகல் வாசனை வந்தது. வேறு என்ன, வெல்வெட்டுக்குள் மூச்சு முட்டி அசல் போய்ச் சேர்ந்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவர்கள் யானையைக் கம்பளியில் சுற்றி வெயிலில் கட்டியிருந்தார்கள்.

கழுத்துப்பட்டையைக் கூப்பிட்டார்கள். வந்தார். தன் மடிக்கணினியை நகல் பெட்டியில் மாட்டினார். கூட்டமே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தது. நான் அக்காவை முன்னால் தள்ளினேன்.

“சார், ஒரு கவலையும் வேண்டாம். நகல்ல எல்லாம் அப்படியே இருக்கு. கடைசியா எழுதின எழுத்து வரைக்கும் இருக்கு. இந்தப் பொத்தானை அமுக்கினா வேலை ஆரம்பிச்சுடும்.”

காட்டுவதற்காகப் பட்டியலில் மேலே இருந்த ஒன்றைத் திறந்தார். அது எங்கள் உத்தரவு. அக்கா பெயர், மாமா பெயர், கீழே ‘அனுமதிக்கப்படுகிறது’. அக்கா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்துவிட்டது.

“சான்றொப்ப அதிகாரியைக் கூப்பிடுங்க” என்றார் இயக்குநர்.

வந்தவர் நேர்மையான மனிதர். வாழ்நாளில் அசலைப் பார்க்காமல் ஒரு நகலில் கையெழுத்துப் போட்டதில்லை. பேனாவைத் திறந்தார்.

“அசலைக் காட்டுங்க.”

“அது எரிஞ்சு போச்சு சார். அதனாலதான் நகல்” என்றார் கழுத்துப்பட்டை.

“அசல் இல்லாம நகலை எதோட ஒப்பிடறது?”

“அசல் இருந்தா நகல் எதுக்கு சார்?”

“அதை என்கிட்ட கேட்டா? அசல் இருந்தாத்தான் நகல் செல்லும். எந்த ஆபீஸ்லயும் அதுதான் முறை.” பேனாவை மூடிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே போய்விட்டாள்.

“ஐயா, எங்க உத்தரவு இதோ இருக்குங்க. கண்ணால பாக்கிறேன். ஒரே ஒரு தாள் அச்செடுத்துக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

இயக்குநர் கெட்டவர் இல்லை. கனிவாகத்தான் சொன்னார். “அம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். சான்றொப்பம் இல்லாத நகலை நம்பி உங்க வயித்தை அறுத்துட்டாங்கன்னா, நாளைக்கு யாரு பதில் சொல்றது? முதல்ல அசலைச் சரி பண்றோம். அப்புறம் எல்லாம் சட்டப்படி நடக்கும்.”

அசலைச் சரி பண்ணினார்கள். கழுத்துப்பட்டையின் வண்டியில் புது வட்டுகள் இருந்தன. கருகியதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகினார். அசல் பெட்டி விளக்கெரிந்து எழுந்தது. கூடத்தில் ஒரு பெருமூச்சு.

“இப்போ உயிர் வந்துடுச்சு. ஆனா உள்ள ஒண்ணுமில்ல, காலி. இனி நகல்ல இருக்கிறதை இதுக்கு மாத்தணும்” என்றார்.

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நகலைப் பாத்து அசலை எழுதறதா?”

“ஆமா சார்.”

“அதுக்குப் பேரு என்ன தெரியுமா? மோசடி! அதுக்கு ஜெயில்ல போடுவாங்க. அசலைப் பாத்துத்தான் நகல் எழுதணும்.”

“சார், அசல் காலி சார்.”

“காலியா இருந்தாலும் அசல் அசல்தான்யா. நான் லீவுல போனா என் நாற்காலி காலியாத்தான் இருக்கும். அதுக்காக அது ப்யூன் நாற்காலி ஆயிடுமா?”

சான்றொப்ப அதிகாரி பலமாகத் தலையாட்டினார். என்ன ஆகும் என்று கழுத்துப்பட்டைக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். கதவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு இயக்குநரைப் பார்த்தார்.

“நீங்க சொன்னதா எழுத்துல ஒரு வரி குடுத்துட்டா…”

ஒரு வரி கொடுத்தார்கள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதோடு அவருடைய மனசாட்சிக்கும் லீவு விட்டாயிற்று.

“யோவ்! அமுக்காதேய்யா! இருக்கிறதும் போயிடும்!” என்று நான் கத்தினேன்.

பின்னால் இருந்தவர்கள் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். “சும்மா இருப்பா. தெரிஞ்சவங்க பாத்துப்பாங்க. நீ கத்தி அவரு கோவிச்சுக்கிட்டா எங்க வேலையும் கெட்டுடும்” என்றார் வீட்டு வரைபட அனுமதிக்கு வந்த ஒரு பெரியவர்.

கழுத்துப்பட்டை அமுக்கினார். அசலிலிருந்து நகலுக்கு, மேலிருந்து கீழே, முறைப்படி. இத்தனை நாளும் நாங்கள் எழுதிக் கொடுத்ததையெல்லாம் ஏற்ற எவ்வளவோ காலம் ஆனது. ஒன்றுமில்லாததை நகலெடுக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. மடிக்கணினியில் திறந்திருந்த உத்தரவு கண்ணெதிரிலேயே மறைந்தது. அக்கா அந்த வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

சான்றொப்ப அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்தார். இந்தப் பெட்டியைப் பார்த்தார், அந்தப் பெட்டியைப் பார்த்தார். அவர் பணிக்காலத்திலேயே இவ்வளவு பொருத்தமான நகலைப் பார்த்ததில்லையாம். ‘அசலுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டார்.

இரண்டு பெட்டியிலும் பச்சை விளக்கு எரிந்தது. கவுன்டர் திரைகள் உயிர்பெற்றன. “சேவை தடையின்றித் தொடர்கிறது!” என்று இயக்குநர் அறிவித்தார். கூடம் கைதட்டியது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே தட்டினார்கள். தோளைப் பிடித்து இழுத்த பெரியவர் என்னைப் பார்த்து, “பாத்தியா, நான் சொல்லல?” என்றார்.

அக்காதான் அப்போதும் முதல் ஆள். கவுன்டர் அம்மா எண்ணைத் தட்டினார். திரும்பவும் தட்டினார்.

“அப்படி யாரும் இல்லையேம்மா.”

“நான்தாங்க இங்க நிக்கிறேனே! காலையில நீங்களே பாத்தீங்களே, ரெடின்னு சொன்னீங்களே!”

“சொன்னேன்மா. இப்போ இல்லையே. ஒரு பெட்டி சொன்னா தப்புன்னு சொல்லலாம். ரெண்டு பெட்டியும் இல்லைங்குதே. மொதல்ல இருந்து விண்ணப்பம் போடுங்க, வேற வழியில்ல.”

“மொதல்ல இருந்தா? அதுவரைக்கும் அவரு இருப்பாராம்மா?”

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நகராமல் நின்றாள். அவள் கையை எடுத்துவிட நான் போவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அம்மா, அதான் மிஷின் ஓடுதுல்ல? உங்களது இல்லைன்னா ஓரமா நில்லுங்க. நாங்களும் காலையில இருந்து காத்துக்கிடக்கிறோம்.”

பெரியவர்தான். அக்காவை முழங்கையால் ஒதுக்கிவிட்டுத் தன் எண்ணைச் சொன்னார். கவுன்டர் அம்மா தட்டினார். “அப்படி யாரும் இல்லையேங்க.” பெரியவர், “எப்படிம்மா இல்லாம இருக்கும்…” என்று ஆரம்பிப்பதற்குள் அவருக்குப் பின்னால் இருந்த பெண், “ஐயா, நகருங்க, நேரமாவுது” என்று அவரைத் தள்ளினாள். அவளை அவளுக்குப் பின்னால் இருந்தவர் தள்ளினார்.

அன்றைக்கு அந்த வரிசை நகர்ந்த வேகத்தில் என் வாழ்நாளில் எந்த அலுவலகத்திலும் வரிசை நகர்ந்து நான் பார்த்ததில்லை. இயக்குநர் கண்ணாடி அறை வாசலில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் போன் அடித்தது. மாமா. உத்தரவு கைக்கு வந்துவிட்டதா என்று கேட்கத்தான். அவள் போனை என் கையில் திணித்துவிட்டு, ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.