அலிபி இல்லாத வியாழக்கிழமை

அன்புத் தங்கை மாய்-பிரிட்டுக்கு, ஹெர்னோசாண்டிலிருந்து அண்ணன் ஸ்டூரே எழுதிக்கொள்வது. முழங்கால் நீங்கலாக நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் பூனையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் மேல் போலீசுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, பதறாதே. எதிர்வீட்டு வீவெகா எங்கள் கட்டடத்துச் சலவை அறையில் காயப்போட்டிருந்த திரைச்சீலைகளை வியாழக்கிழமை சாயங்காலம் காணோமாம். இதற்கெல்லாம் போலீஸ் வருமா என்பாய். சின்ன ஊர், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா. லின்னேயா என்று ஒரு சின்ன வயசுப் போலீஸ்காரப் பெண் வந்தாள், காபியும் ஏலக்காய் பன்னும் கொடுத்தேன், சாப்பிட்டுக்கொண்டே, "அந்த நேரம் எங்க இருந்தீங்க? உங்களுக்கு அலிபி இருக்கா?" என்றாள்.

"வீட்லதாம்மா இருந்தேன். அது போதாதா?"

"போதும். ஆனா அதைச் சொல்ல இன்னொருத்தர் வேணுமே. கூட யார் இருந்தா?"

"யாருமில்ல."

"போன்ல பேசினீங்களா? படியில யாராவது பாத்தாங்களா?"

படியிலா? இங்கே வெளியே கிளம்புகிறவன் கதவுத் துளையில் கண்ணை வைத்து, படியில் ஆளில்லை என்று உறுதியான பிறகுதானே தாழ்ப்பாளைத் திறக்கிறான். நானும் அப்படித்தான். ஒருவர் கண்ணிலும் படாமல் வாழ்வதை மரியாதை என்று நினைத்திருந்தேன், இப்போது அதுவே வினையாகிவிட்டது. "எந்த நாளைக் கேட்டாலும் இதே பதில்தாம்மா" என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். திருட்டுப் பட்டம்கூடப் பரவாயில்லை, எனக்காகப் பரிதாபப்பட்டு, துணைக்கு இன்னும் கொஞ்சம் உட்காரலாம் என்று இன்னொரு பன்னைத் தானே எடுத்துக்கொண்டாள் பார், அதுதான் தாங்கவில்லை. சட்டென்று, "மறந்தே போச்சு, வியாழக்கிழமைன்னா தங்கச்சி போன் பண்ணுவா" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு அகராதியைப் பார்த்தேன், அலிபி என்றால் லத்தீனில் 'வேறிடத்தில்' என்று பொருளாம். எனக்கு ஏது வேறிடம்? உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பாள், ஆமாம் என்று மட்டும் சொல். என்ன பேசினோம் என்று கேட்டால், முழங்கால் என்று சொல்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். பூனையைத் தடவிக்கொடு. இந்தக் குளிர் உங்களை ஒன்றும் செய்யாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் ஸ்டூரே

பி.கு.: உறையை ஒட்டுமுன் லின்னேயா போன் செய்தாள். திரைச்சீலைகள் வீவெகாவின் ஜன்னலிலேயே தொங்குகின்றனவாம், மாட்டியவளே மறந்துவிட்டாளாம். நீ யாரிடமும் பொய் சொல்ல வேண்டாம். "உங்க தங்கச்சிய ரொம்பக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன், மாய்-பிரிட். போன் பண்ணு.