கழுவிய பெட்ரோல்

பழைய காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற சர்வேயர் பெட்ரோலைத் திட்டிக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருஷமாகத் தும்மல்கூடப் போடாத வண்டி, காலையில் மேட்டில் ஏறும்போது இரண்டு தடவை இருமிவிட்டது. எத்தனால் என்று கௌரவமாகப் பேர் வைத்தாலும் சாராயம் சாராயம்தானே? அதைப் பெட்ரோலில் கலந்து ஊற்றினால் வயசான இன்ஜின் பாவம் என்ன செய்யும்?

மனைவி அப்படி நினைக்கவில்லை. பழைய இரும்பு எடுக்கிறவருக்கு போன் போட்டு மத்தியானம் வரச் சொல்லிவிட்டாள்.

"தப்பு பெட்ரோல் மேலன்னு நிரூபிச்சுக் காட்டுங்க, வண்டி இருக்கட்டும். இல்லேன்னா இன்னிக்கே அனுப்பிடணும்" என்றாள்.

சாராயம் ரப்பரை அரிக்கும் என்று அவர் படித்திருந்தார். இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு முழம் வெட்டி மாட்டினார். இப்போது வண்டி நின்ற இடத்திலேயே இருமியது.

ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்தவன் வண்டிக்குக் குடிக்கக் கற்றுக்கொடுக்க இந்தப் பெட்ரோல் பங்க்காரர்கள் யார்? டேங்கில் இருந்ததை எல்லாம் வாளியில் இறக்கினார். தண்ணீர் விட்டுக் கலக்கினால் சாராயம் தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய்விடும், பெட்ரோல் மேலே மிதக்கும். ஒரு தடவை கழுவி மனசு ஆறாமல், துணி அலசுகிற மாதிரி மூன்று தடவை அலசினார். மிதந்ததை மொண்டு டேங்கில் ஊற்றினார்.

வண்டி இருமலை நிறுத்தியது. அதோடு மூச்சும் நின்றுவிட்டது.

பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து, டேங்கின் அடியிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துப் பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் தண்ணீர் என்றார். அந்தப் பழியையும் சர்வேயர் பங்க்காரர்கள் தலையிலேயே கட்டினார். அவர்கள் கலக்காவிட்டால் இவர் எதற்குக் கழுவப்போகிறார்?

அதற்குள் இரும்பு லாரி வந்து வண்டியைக் கொக்கியில் மாட்டிவிட்டது. முதலில் பெட்ரோல் பங்குக்கு விடுங்கள், தப்பு அவர்களுடையது என்று அவர்கள் வாயாலேயே வரவழைக்கிறேன் என்று சர்வேயர் அடம்பிடித்தார். மனைவியையும் சாட்சிக்கு ஏற்றிக்கொண்டார்.

பங்கில் அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வண்டியை விட்டு இறங்கி வந்துவிட்டார்கள். யாரைக் கேட்டுக் கலந்தீர்கள், வயசான வண்டி என்றால் அவ்வளவு இளக்காரமா, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா என்று மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்.

"நீங்கதானே எப்பவும் எனக்குப் போடுறீங்க? உங்க பெட்ரோல்தான் என் வண்டியைக் கொன்னுதுன்னு இவகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று பெட்ரோல் போடும் பெண்ணிடம் மனைவியைக் காட்டினார்.

அந்தப் பெண் அவர் ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டு, அவர் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா, போன வருஷம் எத்தனால் கலக்காதீங்கன்னு சார் இதே மாதிரி வந்து கத்தினதுலேருந்து, இவருக்கு மட்டும் அந்தக் கடைசி பம்புல கலப்பே இல்லாத பெட்ரோல்தான் போட்டுட்டிருக்கேன்."