வடக்கே திரும்பிய விமானம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நானும் என் மனைவியும் நலம். நேற்று நான் போனில் கத்தியதையும் தாண்டித் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் நல்ல செய்தி: என் மகளும் நம் பேத்தியும் மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஊரில் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். அப்பாடா! இப்போதுதான் எனக்கு மூச்சே சரியாக வருகிறது.

நான் முப்பத்தோரு வருடம் பேருந்து வழித்தடப் பரிசோதகராக இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு வண்டி வேறு தெருவில் திரும்பினால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். அந்தப் பழக்கத்தில், போன வாரமே சுவரிலுள்ள உலக வரைபடத்தில் அளவுகோல் வைத்து இரண்டு விமான நிலையத்துக்கும் நடுவே கோடு போட்டேன். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் வந்தது. மாப்பிள்ளையோ, "பதினோராயிரம்தான் மாமா, பதினாலு மணி நேரம்" என்றார். மீதி இரண்டாயிரத்தை யார் ஓட்டுவது என்று அப்போதே எனக்குச் சந்தேகம்.

நேற்று மாலை மகள் கைக்குழந்தையோடு தனியாக விமான நிலையத்துக்குள் போனதும், வீட்டுக்கு வந்து, விமானம் போகும் வழியைக் காட்டும் செயலியில் தாங்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த விமான எண்ணைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். கிளம்பும்போதே இரண்டு மணி நேரம் தாமதம். போகட்டும் என்று விட்டால், கிழக்கே போக வேண்டியது விறுவிறுவென்று வடக்கே ஏறுகிறது! உடனே விமான நிறுவனத்துக்குப் போன் போட்டு, "உங்க டிரைவர் வழி தெரியாம போறாரும்மா, யாராவது சொல்லுங்க" என்றேன். "அவருக்கு வழி தெரியும் சார், நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றாள் அந்தப் பெண். குடித்துவிட்டுத்தான் தங்களை அழைத்தேன். "மலிவா கெடைக்குதுன்னு சுத்திப் போற வண்டியில போட்டிருக்காரு உங்க பையன்" என்றது தவறு. கஞ்சன் என்றதும் தவறு. பரம்பரைக் கஞ்சன் என்றது மிகப் பெரிய தவறு.

சத்தம் கேட்டு மாடி வீட்டு வாத்தியார் இறங்கி வந்தார். சமையலறையிலிருந்த தர்பூசணியை மடியில் வைத்து, அதன் மேல்பாதியில் பேனாவால் தள்ளித் தள்ளி இரண்டு புள்ளி வைத்து, நூலை இழுத்துப் பிடித்தார். நூல் தானாகவே காம்புப் பக்கம் ஏறி நின்றது. "பூமி உருண்டை சார், காம்புதான் வடதுருவம். இதுதான் குறுக்கு வழி. படத்துல தட்டையா விரிச்சா வளைஞ்ச மாதிரி தெரியும்" என்றார். இரண்டாயிரம் கிலோமீட்டரும் அங்கேயே கழிந்தது. "பழத்தை வெட்டலாமா, இல்ல இன்னும் ப்ளேன் போகணுமா?" என்று கேட்டாள் என் மனைவி.

இன்று காலை, "எறங்கிட்டோம்ப்பா, பாப்பா தூங்குறா" என்று மகளின் செய்தி வந்தது. செயலியோ இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி என்கிறது, அது கிடக்கிறது. தாமதமாகக் கிளம்பியும் நேரத்துக்குச் சேர்த்திருக்கிறாரே, அந்த ஓட்டுநரைத் தோளில் தட்டிக் கொடுக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

ஆகவே எதையும் மனதில் வைக்காமல் மன்னிக்க வேண்டுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு, அவர் எந்த வழியில் டிக்கெட் போட்டாலும், என் ஆசி உண்டு.

இப்படிக்கு,
வாய் அடங்கிய தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் பேசினாள். அவள் விமானம் சரியான நேரத்துக்கே கிளம்பியதாம். நான் பார்த்தது அதே ஊருக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் போகும் வேறொன்று. எண்ணில் ஒன்றுக்குப் பதில் ஏழு. சீட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஏழு தங்கள் கையெழுத்து. எனவே மேலே கேட்ட மன்னிப்பில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் ராத்திரி முழுக்கப் பார்த்த விமானத்தை நடுக்கடலில் விட்டுவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. அதிலும் யார் பெற்ற பிள்ளைகளோ இருக்கிறார்கள். அவர்கள் இறங்கிய பிறகுதான் தபாலுக்குப் போவேன். இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.