டப்பிக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை

ஒரு காட்டில் ரோசலின் என்றொரு தாய் முயல் இருந்தாள். அவளுக்கு டப்பி என்று ஒரே குட்டி. எல்.கே.ஜி. வயசு. பக்கத்துப் புதருக்கு நரி குடிவந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காற்றடித்தால் பயம், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பயம்.

அங்கே வரிப்புலி மதர் நடத்தும் கான்வென்ட் ஒன்று இருந்தது. அதன் வேலிக்குள் காலெடுத்து வைக்க எந்த நரிக்கும் துணிச்சல் கிடையாது. இடம் கிடைத்தால் குட்டி பிழைத்தது. ஆனால் அட்மிஷனுக்குப் பிள்ளை ஓடுவதையும் உண்பதையும் ஒரே வீடியோவாக்கி, வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அனுப்ப வேண்டும்.

டப்பி ஓடுவதை உடும்பு அக்கா எடுத்துக்கொடுத்தாள். உடும்பு படுத்தே கிடக்கிற பிறவி. படமும் படுக்கை வாக்கில் வந்தது. புல் தின்பதை ரோசலினே எடுத்தாள். நரி வருகிறதா என்று எந்நேரமும் பின்னங்காலில் எழும்பி நிற்பவள். படமும் நெட்டுக்குத்தாக வந்தது. இரண்டையும் ஒட்டினாள். ஓடும்போது திரை நிறைய இருந்த பிள்ளை, தின்னும்போது ஒடுங்கி நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை.

ஆலமரத்தில் எடிட்டிங் கடை வைத்திருந்த குரங்கண்ணனிடம் ஓடினாள்.

"அண்ணே, புள்ளைக்கு ரெண்டு பக்கமும் இருட்டிக்கிட்டு வருது."

"டாக்டர்கிட்டப் போம்மா."

"வீடியோவுலண்ணே."

குரங்கண்ணன் பார்த்தார். "முதல்ல எதை வைக்கிறியோ அதோட அளவுதான் சட்டம், தங்கச்சி. பின்னால வர்றது நெட்டையோ குட்டையோ, அதுக்குள்ளதான் அடங்கணும். மாமியார் வீடு மாதிரி."

"அப்ப நெட்டையை முதல்ல வைங்க."

"வைக்கலாம். பட்டை மேலயும் கீழயும் வரும். எந்தப் பக்கம் வேணும்னு நீயே சொல்லு."

'நிரப்பு' என்பதை அழுத்தினார். படம் பெரிதாகிப் பட்டை போயிற்று. கூடவே டப்பியின் காதும் போயிற்று.

"ஐயோ, எலின்னு நினைச்சிடுவாங்கண்ணே."

'இழு' என்பதை அழுத்தினார். டப்பி பக்கவாட்டில் உப்பிப் பன்றிக்குட்டி ஆனான்.

"நல்லா சாப்பிடுற புள்ளைன்னு மார்க் போடுவாங்க, விடு."

"நரியும் போடும்."

இதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் பாதி இறங்கிவிட்டது. தன் வேலை முடிந்து பக்கத்தில் நின்ற மான், "எங்களுது நிரப்பியே அனுப்பிட்டேன். மருந்துக்குக்கூட ஒரு பட்டை கிடையாது," என்றாள். ரோசலின் மாதாவை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பட்டையோடு இருந்ததையே அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை மதர் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். முதலில் மானைக் கூப்பிட்டார்.

"வீடியோ பளிச்சுன்னு இருக்கு. ஆனா பிள்ளைக்குக் காலே இல்லையே. பி.டி. பீரியட்ல என்ன செய்வான்?"

மான் அழுதுகொண்டே போனாள். அடுத்தது ரோசலின். டப்பி புல் தின்னும் இடம் வந்ததும் மதர் படத்தை நிறுத்தினார். திரும்பித் தன் விலாவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் கறுப்பு வரி. இது அம்மா வழியா, அப்பா வழியா?"

பொய் சொன்னால் நாக்கு கருகும் என்று படித்து வளர்ந்தவள் ரோசலின். வேலிக்கு வெளியே நரி கொட்டாவி விடுவது கேட்டது.

"அப்பா வழி, மதர்."

"அதானே பார்த்தேன். சாது மாதிரி இருக்கான், நம்ம ரத்தம் எங்க போகும்?" என்று முத்திரை குத்தினார்.

அன்று முதல் மற்ற தாய்மார் தங்கள் பிள்ளையின் கன்னத்தில் மையால் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். ரோசலின் மட்டும் டப்பியின் விலாவில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, கோடு இழுத்து அனுப்பினாள். வழியில் நரி எழுந்து நின்று, "குட்மார்னிங் தம்பி," என்றது.

நீதி: குறையைத் திருத்துமுன், அதே குறை மேலிடத்தின் முதுகிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. இருந்தால் அதற்குப் பெயர் குலப்பெருமை.