டார்ச் கம்பவுண்டர் பார்த்த கண்கள்

போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களில் எங்கள் டார்ச் கம்பவுண்டருக்குத் தப்பிய கண் ஒன்றுகூடக் கிடையாது. எழுபதுகளில் எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்தார். கால் ஒடிந்து வந்தாலும் முதலில் இமையை விலக்கி டார்ச் அடிப்பார். சிலமலையில் ஒரு கல்யாணத்தில் மேடையேறி மாப்பிள்ளையின் கண்ணிலும் அடித்துவிட்டார். "பையனுக்குக் கண்ணு தெரியாதா?" என்று பெண் வீட்டார் ரகளை. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மாப்பிள்ளை மணி சொன்ன பிறகுதான் தாலி ஏறியது.

ஏன் என்று கேட்டால் எனக்குப் பாடமே நடத்துவார்.

"நரம்பு சேதி சொல்ல ஒரு ரசாயனத்த விடும் மாப்ளே. சேதி போனதும் அதத் தண்ணி சேத்து ரெண்டா ஒடைக்க ஒரு நொதி இருக்கு. பூச்சிமருந்து அந்த நொதியக் கட்டிப்போட்டுரும். அப்புறம் சேதி ஓயாது. எச்சி ஊத்தும், வேர்க்கும், கண்ணுமணி கடுகாச் சுருங்கிரும்."

"ஒங்களுக்கும் அந்த நொதி இல்ல போலண்ணே, பேச்சு ஓய மாட்டேங்குதே!" என்பேன். நான் அப்போது சூப்பர்வைசர், வாய்த்துடுக்கு அதிகம். பூச்சிமருந்தை வெறுங்கையால் கலக்கிக் காட்டுவதில் பெருமை வேறு.

ஒருநாள் காலை அப்படித்தான் முழங்கை வரை விட்டுக் கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் சட்டை தெப்பலாக நனைந்தது. எச்சில் ஒழுகியது. கால் பின்னி விழுந்தேன்.

"சூப்பர்வைசரு காலையிலயே ஊத்திட்டாரு. மரத்தடில போடுங்க, தூங்கி எந்திரிக்கட்டும்" என்று காய் எடுக்கும் பெண்கள் சிரித்தார்கள். இல்லையென்று சொல்ல நாக்கு எழவில்லை. சாகப் போகிறேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

யாரோ போய்ச் சொல்ல, கம்பவுண்டர் மேட்டில் விழுந்தடித்து ஓடி வந்தார். இமையை விலக்கினார்.

"அய்யய்யோ, கடுகு! ஜீப்பக் கொண்டாங்கடா, வெரசா!"

அத்தனை பெண்கள் முன்னால் என் துணியை உருவிப்போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சோப்புத் தேய்த்தார். மானம் போகிறதே என்று அழக்கூட முடியவில்லை. பிறகு விஷத்தை முறித்து எச்சிலை வற்றவைக்கும் ஊசி. போடி வந்து சேரும்வரை கொண்டை ஊசி வளைவு தவறாமல் ஊசி.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் விழித்தபோது நாக்கு வறண்டு கிடந்தது. "அண்ணே, தண்ணி" என்றேன். அவ்வளவுதான், மனிதர் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார்.

"அதான் பொழச்சுட்டேன்ல, எதுக்குண்ணே அழுகுறீங்க?"

"என் தம்பியும் மருந்தடிக்கத்தான் போனான் மாப்ளே. குடிச்சிருக்கான்னு தூங்க விட்டுட்டாங்க. அவன் கண்ண ஒருத்தனும் பாக்கல."

அவர் கையைப் பற்றிக்கொண்டேன். விடுவதற்கு எனக்கு மனசே வரவில்லை.