சிவப்பும் பச்சையும்

பேச மறுத்தது கஜானியின் மேசையிலிருந்த சின்னப் பெட்டி மட்டுமல்ல. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த புருஷனும்தான்.

அந்தப் பெட்டி வேலைசெய்வதைப் பதினொரு மணிக்குக் கொழும்புக் கம்பனிக்கு வீடியோவில் காட்டவேண்டும். சரிவந்தால் அச்சுவேலி வீட்டிலிருந்தே இன்னும் ஒரு வருடம் வேலை. தவறினால் மூட்டை முடிச்சோடு கொழும்பு.

அவளுடைய பெட்டியிலிருந்து யூஎஸ்பி கேபிள் கதவுக்குக் கீழால் போய், சாப்பாட்டு மேசையில் புருஷன் மயூரதனின் பெட்டியில் முடிந்தது. ஒன்று ஏவவேண்டும், மற்றது கேட்கவேண்டும். ஏவினால் சிவப்பு விளக்கு, கேட்டால் பச்சை. அந்தப் பக்கமாற்றத்தைச் செய்யும் கேர்னல் டிரைவர் என்ற மென்பொருளை இருவரும் ஆளுக்கொரு பெட்டிக்கு எழுதியிருந்தார்கள்.

காலையில்தான் அவன் சொன்னான். "எல்லாத்திலையும் நீதானே ஏவுறனி. இதிலையும் நீயே ஏவு!" அதோடு பேச்சு நின்றது.

நான் அப்படியா? யோசிக்க யோசிக்க, ஓம் போலத்தான் இருந்தது. சத்தமில்லாமல் தன் பெட்டியைக் கேட்க வைத்தாள். பச்சை வந்தது, ஏவத்தான் ஆளில்லை. திரும்பவும் ஏவவிட்டாள். இப்போது அந்தப் பக்கமும் ஏவுவதாகத் திரை சொன்னது. கடைசியில், பதில் வராவிட்டால் விநாடிக்கொரு தரம் தானாகவே பக்கம் மாறும்படி எழுதினாள். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. வேறொன்றும் நடக்கவில்லை.

தேத்தண்ணியோடு மாமி நாகேஸ்வரி வந்தாள். "அவன்ரை பெட்டியும் இதே தாளத்திலைதான் கண்ணடிக்குது, பிள்ளை. இது சிவப்பெண்டால் அதுவும் சிவப்பு."

"மாமி, ஒருக்காச் சும்மா இருங்கோ."

"நான் சும்மா இருந்தால் மத்தியானம் என்னத்தைச் சாப்பிடுறது?"

குசினியில் கிரைண்டர் இரைந்து ஓய்ந்தது. பத்து ஐம்பத்தைந்து. தோல்வியைச் சொல்லிவிடலாம் என்று கஜானி போனை எடுத்தாள். அப்போது பச்சை அசையாமல் நின்றது. அந்தப் பக்கம் ஏவ, அவளுடைய பெட்டி சமர்த்தாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கொழும்புக்காரர் கைதட்டிப் போனதும் வெளியே ஓடினாள்.

"இஞ்சருங்கோ, கடைசியிலை நீங்கள் விட்டுக்குடுத்திட்டியள், என்ன?"

"நானோ? உனக்காண்டி மூண்டுதரம் மாத்தி, கடைசியிலை தானா மாறவும் விட்டிட்டு, வெறுத்துப்போய்க் கிணத்தடியிலையெல்லோ நிண்டனான். நீதானே விட்டுக்குடுத்தனி?"

"மூண்டுதரமோ? நானும் மூண்டுதரந்தான்!"

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அப்படியென்றால் கடைசியில் விட்டுக்கொடுத்தது யார்?

சம்பல் சட்டியோடு மாமி குசினி வாசலில் நின்றாள்.

"கிரைண்டர் போட இடமில்லையெண்டு உவன்ரை பெட்டியின்ரை பிளக்கைக் கழட்டினனான். அரைச்சு முடியத் திரும்பக் குத்தினால், ரெண்டும் தாளம் தப்பி, அவன்ரை சிவப்பிலையும் உன்ரை பச்சையிலையும் நிண்டிட்டுது; ஏதும் பழுதாப்போச்சோ, பிள்ளை?"