கோடி வேட்டியும் கொதித்த ரேடியேட்டரும்

பதினெட்டு வருடமாகப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெப்பவியல் நடத்துகிறேன். தண்ணீர் எப்போது கொதிக்கும், மூடி வைத்துக் கொதிக்கவிட்டால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இவ்வளவையும் தெரிந்துவைத்துக்கொண்டுதான் என் மாமனாரின் சாவுக்குப் போன அன்று அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அப்போது என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. திண்டிவனத்தில் பாஷா பாய் பட்டறையில்தான் அதற்கு வைத்தியம். ரேடியேட்டரில் கூலண்ட் குறைகிறது, வாங்கி ஊற்றுங்கள் என்றார் ஒருநாள்.

"அதுல அப்பிடி என்ன பாய் இருக்கு? சூட்ட வாங்கறதுல தண்ணிய மிஞ்ச ஆள் கெடையாது. தன்வெப்ப ஏற்புத்திறன் தண்ணிக்குத்தான் அதிகம்."

"நம்மூரு போர் தண்ணி உப்பு சார். உள்ள எல்லாம் சின்னச் சின்னக் குழாயி. அடைச்சிக்கும்."

நான் விடவில்லை. அரை மணி நேரம் விளக்கினேன். (ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், பாவம்.) கடைசியில், "சரிங்க சார், நீங்க படிச்சவரு" என்றார். நான் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் ஒரு வருடம் முழுக்க என் காருக்கு எங்கள் வீட்டு போர் தண்ணீர்தான்.

மே மாதத்தில் ஒரு காலை, முகையூரிலிருந்து மச்சான் செந்தில் போன் செய்தான். மாமனார் இரவே போய்விட்டார், இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள். என் மனைவி மலர் போனைக் கையில் வைத்தபடி சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துத் தெருவில் இருந்த அவளுடைய அக்கா அமுதா அழுதுகொண்டே ஓடிவந்தார்.

"பஸ்ல போயிடலாங்க. விழுப்புரத்துல எறங்கி மாறிக்கலாம்" என்றாள் மலர்.

"கார் எதுக்கு இருக்கு? ரெண்டு மணி நேரத்துல கொண்டுபோய் விடறேன்" என்றேன்.

பெரிய ரோஜா மாலை ஒன்றும், மருமகன் போர்த்த வேண்டிய கோடி வேட்டியும் வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்குக் கிளம்பினோம்.

விக்கிரவாண்டி தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. முதலில் முள்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து விரலால் தட்டினேன். பிறகு ஏசியை நிறுத்தினேன். இறங்கவில்லை. ஹீட்டரைப் போட்டால் இன்ஜினின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் வரும், இன்ஜின் பிழைக்கும் என்று அறிவு சொன்னது. முழு வேகத்தில் வைத்தேன். (இது சரியான வைத்தியம்தான், பாயே பிறகு ஒப்புக்கொண்டார்.) ஆனால் அது மே மாதம், உச்சிவெயில், பின்சீட்டில் அப்பாவைப் பறிகொடுத்த இரண்டு பெண்கள்.

"ஏங்க, இன்னா இது, அனலா அடிக்குது?"

"ஜன்னல எறக்கிக்கோ. இன்ஜின் சூட்ட நாம கொஞ்சம் வாங்கிக்கணும்."

அமுதா அக்கா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இன்னா தம்பி, அப்பாவ எரிக்கறதுக்கு முன்னாடி எங்கள எரிச்சிடுவீங்க போலருக்கே?"

மாலை மலரின் மடியில் வெந்துகொண்டிருந்தது.

வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டே விழுப்புரத்தைத் தாண்டி முகையூர் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் முன்பக்கம் புகையாக ஆவி கிளம்பியது. நிறுத்தினேன். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும், மூடியைத் திறந்தால் அத்தனையும் ஒரே நொடியில் பொங்கும். பிரஷர் குக்கர் படம் போட்டு வருடா வருடம் நடத்துகிற பாடம் இது. முக்கால் மணி நேரமாவது ஆறவிட வேண்டும். ஆனால் மணி ஒன்றாகியிருந்தது, மலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டையை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்.

துருவும் உப்புமாகக் கலங்கிய பழுப்புத் தண்ணீர் என் தலைக்கு மேல் போய்த் திரும்பி என் மேலேயே இறங்கியது. வலது கை வெந்துபோனது. வலியில் காருக்குள் கையை விட்டுக் கிடைத்த துணியை உருவி, பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கையில் சுற்றிக்கொண்டேன். அமுதா அக்கா போட்ட சத்தத்தில்தான் அது கோடி வேட்டி என்று தெரிந்தது.

அந்தச் சாலையில் பஸ் ஏதும் வரவில்லை. வெகுநேரம் கழித்து மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை ஏற்றிவந்த ஒரு குட்டியானை வண்டி நின்றது. பெண்கள் இருவரும் டிரைவர் பக்கத்தில் உட்கார, நான் பின்னால் மூட்டைகளின் மேல் மாலையை அணைத்துக்கொண்டு போனேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். பாடை கட்டி முடித்து எல்லோரும் எங்களுக்காக வெயிலில் நின்றிருந்தார்கள். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, நனைந்த சட்டையோடு இறங்கிய என்னைப் பார்த்து ஒரு கிழவி சொன்னாள். "பெத்த புள்ளகூட இப்பிடி அழுவல. மருமவன் மூஞ்சப் பாரு, வீங்கிப் பூட்டுது!"

செந்தில் அருகில் வந்தான். "கோடி எங்க மாமா?"

கையிலிருந்து அவிழ்த்தேன். ஈரமும் பழுப்புக் கறையுமாக இருந்ததை அவன் பார்த்தான். என் கையையும் பார்த்தான். "சரி, போத்துங்க" என்றான். உயிரோடிருந்தவரை கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியைத் தவிர வேறு எதையும் கட்டாத மனிதருக்கு அதைப் போர்த்தினேன்.

இதற்கு மேல் வைத்திருந்தால் உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். மலர் அப்பாவின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தூக்கிவிட்டார்கள்.

மறுவாரம் பாஷா பாய் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். குழாய்கள் முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி உப்பு. "தண்ணி நல்லதுதான் சார்" என்றார். "குடிக்கிறதுக்கு."

கை ஆறிவிட்டது. கதை மட்டும் ஆறவில்லை. போன மாதம் மலரின் பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனோம். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தவர் என்னைக் கண்டதும், துணைக்கு இருந்த செந்திலைக் கூப்பிட்டார். "டேய், எனக்கு ஒண்ணு ஆவுதுன்னா திண்டிவனத்து மருமவனுக்கு மொத நாளே சொல்லிடு. இன்ஜின் ஆற டைம் வேணும் அவுருக்கு."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். மலரும் சிரித்தாள். பிறகு பெரியப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் இரண்டு முறை வந்து கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.